பின் சைட் நகராமல் இருக்க

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை. துணி எதுவும் காயவில்லை. ரைபிள் கிளப்புக்குப் போய் வந்தது வீண்.

நேற்று ரைபிளின் பின்பக்கம் மாட்டிய புது பீப் சைட். சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்ப்பது. நடுவில் வெட்டுப் பள்ளம் உள்ள பழைய சைட் என் நாற்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு வெறும் மங்கல். இதில் பளிச். ஆனால் என்னுடையது ஸ்பிரிங் ஏர் ரைபிள். சுட்டதும் பின்னால் ஓர் உதை, உடனே முன்னால் ஒரு குலுக்கல். அந்த ஆட்டத்தில் சைட் பின்னால் ஊர்கிறது. பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே கோட்டைத் தாண்டிவிட்டது. அட்டையில் குண்டுகள் அங்கொன்று இங்கொன்று.

செக்ரட்டரி பார்த்தார். "சேச்சிக்கு இனி ரெஸ்ட் எடுத்தூடே?" ஓய்வெடுக்கலாமே என்று மலையாளத்தில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அடுத்த ஞாயிறு தேர்வு. அதில் தேறாவிட்டால் அணியில் என் இடத்துக்கு வேறு ஆள். வீடு, ஆபீஸ் தவிர எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.

29, திங்கள்

தலைவலி. தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்று கால் வீக்கம். வாங்க: உளுந்து, கடலை, சந்தனம். சைட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் துப்பாக்கி ஆயுத பூஜையில்! இந்த ஊரில் நாள் முன்னாடியே வைத்துவிடுவார்கள். இவர் சாலை பஜார் கடையின் தராசு, ஸ்பானர்களோடு என் ரைபிளையும், அதற்கான ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ எல்லாவற்றையும் வைத்துப் பொட்டும் இட்டாயிற்று.

"அது ஆயுதம்தானே மீனா? பூஜை எடுக்குற வரைக்கும் தொடப்பிடாது, கேட்டியா."

"ஞாயித்துக்கிழமை எனக்குத் தேர்வுங்க."

"வியாழக்கிழமை காலைல எடுத்துரலாம்லா."

சண்டை போடத் தெம்பில்லை.

அக்டோபர் 1, புதன்

எழுதவும் கூடாதாம். பேனாவை நான் பூஜையில் வைக்கவில்லை, எழுதுகிறேன்.

லீவு என்று பேர். சுண்டல், வடை, பாத்திரம். நடுவில் துப்பாக்கியை எட்ட நின்று பார்த்தேன். தேர்வுக்குப் போகாமலே இருந்துவிட்டால்? சைட் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

2, வியாழன்

பூஜை எடுத்தாயிற்று. சைட்டைக் கழற்றினேன். அது உட்காரும் பள்ளத்தில், காடியில், விரல் வைத்தால் வழுவழு. எண்ணெய்!

"இது எப்பங்க போட்டீங்க?"

"போன வாரமே போட்டேன். பூஜைக்கு முந்தி கடையில பூட்டு, தாழ்ப்பா எல்லாத்துக்கும் போடுவோம்லா. உன் துப்பாக்கி மட்டும் துருப்பிடிக்கணுமா?"

எண்ணெய் மேலேயே சைட்டை மாட்டியிருக்கிறேன், கண்ணாடி போடாமல். கத்திவிட்டேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

3, வெள்ளி

மறுபடி மழை. இவர் கேட்காமலே கடையிலிருந்து எண்ணெய் போக்க பெயிண்ட் தின்னர் கொண்டுவந்தார். துணியில் நனைத்துக் காடியைத் துடைத்தேன். துணி கறுப்பு. நன்றாகக் காயவிட்டு மாட்டினேன். சைட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு சின்ன இரும்புக் கட்டை, அதற்குத் தனித் திருகு. ஊர்ந்தால் முட்டி நிற்கட்டும். சைட் வந்த டப்பாவிலேயே இருந்தது, தேவைப்படாது என்று விட்டிருந்தேன். சைட்டின் இரண்டு திருகையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. ஆவேசமாக முறுக்கினால் மரை போய்விடும். இவர் டார்ச் பிடித்தார். புதுக் கோடு போட்டேன்.

4, சனி

கிளப். கோடு அப்படியே இருக்கிறது. ஒரு திருகு லேசாக இளகியிருந்தது, இறுக்கினேன். பிறகு இளகவில்லை.

வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது.

5, ஞாயிறு

வெயில். கடைசி வரை கோடு நகரவில்லை. கடைசியில் மூன்று குண்டு ஒரே ஓட்டையில். பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. கடைசியானால் என்ன, அணியில் இருக்கிறேன்.

"கொள்ளாமல்லோ சேச்சி!" செக்ரட்டரியே பாராட்டினார்.

பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். அசதியும். இனி விடியற்காலைப் பயிற்சி வேறு, யார் சமைப்பது?

வீட்டுக்கு வந்து துப்பாக்கியை அலமாரியில் வைக்கப் போனால், பக்கத்தில் எப்போதும் இருக்கும் எண்ணெய்க் கேன் இல்லை.

"கேன் எங்கங்க?"

"கடைக்குக் கொண்டுபோயிட்டேன். இங்க இருந்தா என் கை சும்மா இருக்காதுல்லா."