அரசு வேண்டாம் என்றவர்களைப் பற்றிப் பேச ஒரு மண்டபம்

அனுப்புநர்:
ஐயாசாமி மகள் சந்திரமதி,
காய்கறிக் கடைப் பணியாளர்,
குளுவாங், ஜொகூர்.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
வட்டாரச் சமூக மண்டபம்,
குளுவாங்.

பொருள்: 16.11.2025 அன்று நான் ஆற்றவிருக்கும் உரைக்கு மண்டபம் மறுக்கப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்று அறிந்து இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். மலாய்ப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

1. நாங்கள் ஏழு பேர் வெள்ளிதோறும் நாசர் அவர்களின் உணவகத்தில் கூடிப் புத்தகம் படிக்கிறோம். அரசே கூடாது என்று வாதிட்ட மேல்நாட்டுச் சிந்தனையாளர்களை இவ்வாண்டு எடுத்துக்கொண்டோம். அறிவு முதிர்ந்தால் அரசு தேவையற்றுப் போகும் என்றார் ஒருவர். உடனே ஒழித்துக்கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். இதைப் பற்றி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஊராரிடம் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. தலைப்பைத் தங்கள் அலுவலகம் ஆட்சேபிக்கவில்லை. அதற்கு நன்றி.

2. தடங்கல், முன்பதிவுக்கு நிரப்ப வேண்டிய பாரத்தில் வந்தது. அதில் பேச்சாளரின் அடையாள அட்டை எண் கேட்டிருந்தார்கள். எனக்கு அட்டை கிடையாது. பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் நான் பிறந்தபோது, தோட்டத்து மருந்தக உதவியாளர் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். அதுவே பதிவு என்று நம்பிய என் பெற்றோர் பட்டணத்து அலுவலகத்துக்குப் போகவேயில்லை. எனக்கு இப்போது நாற்பத்தொரு வயது. மூன்று முறை விண்ணப்பித்தும் அட்டை கிடைக்கவில்லை. ஆகவே எண் கேட்ட கட்டத்தில், என் பெற்றோர் குறித்துவைத்திருந்த அந்த நோட்டின் பக்க எண்ணை எழுதினேன்: 63.

3. திங்களன்று தங்கள் எழுத்தர், “இது ஐசி நம்பர் இல்லலா அக்கா. நீங்க யாருன்னு நாங்க எப்படி எழுதிக்கிறது?” என்று பாரத்தைத் திருப்பித் தந்தார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது.

4. நாசர் தம் பெயரில் பதிந்துகொள்ளச் சொன்னார். மறுத்துவிட்டேன், ஏனெனில் பேசப்போவது நான். மனிதரைப் பதிவேட்டில் அடைத்து எண்ணிடுவதே கொடுமை என்பது நான் படித்த அறிஞர்கள் சிலரின் குறை. என் குறை அதற்கு நேர் எதிரானது. அதைச் சொல்லத்தான் மேடை கேட்கிறேன்.

எனவே, அக்கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி மண்டபத்துக்கு அனுமதி தரக் கேட்டுக்கொள்கிறேன். அன்று பூட்டியிருந்தால் வாசல் படிக்கட்டில் நின்று பேசுவேன். ஆனாலும் தங்கள் முன்பதிவுப் புத்தகத்தில் என் பெயர் ஏறுவதையே விரும்புகிறேன். நிராகரிக்கப்பட்டோர் பட்டியலைத் தவிர, அரசாங்கப் புத்தகம் எதிலும் அது இதுவரை ஏறியதில்லை.

இடம்: குளுவாங்
நாள்: 5.11.2025

தங்கள் பதிலை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவிருக்கும்,
(ஒப்பம்)
ஐ. சந்திரமதி