மஞ்சள் என்று எழுதவில்லை

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். குறை சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. துணி விற்கிறவள், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கொடுத்த வேலை நன்றாக நடக்கிறது. கண் தெரியாதவர்கள் உன் கடையின் வலைத்தளத்துக்கு வந்தால் அவர்களுடைய கம்ப்யூட்டர் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்காட்டும், படத்தை மட்டும் படிக்கத் தெரியாது, அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும் என்று நீ சொன்னபோது, தனியாக இருக்கும் கிழவிக்குப் பொழுது போக ஏதோ கொடுக்கிறாய் என்றுதான் நினைத்தேன். இப்போது சொல்கிறேன், என்னைக் கூப்பிட்டது நல்லதாயிற்று. எனக்கு முன்னால் எழுதியவர் ஓரிடத்தில் 'சூப்பர் லுக் டாப்' என்று எழுதி முடித்துவிட்டார். அந்தச் சட்டைக்குக் கை உண்டா இல்லையா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

எல்லாவற்றையும் முறையாக மாற்றியிருக்கிறேன். கழுத்து எப்படி, கை எவ்வளவு நீளம், துணி கனமா மெல்லிசா, பொத்தான் முன்னாலா பின்னாலா, எங்கே உடுத்திப் போகலாம். இவ்வளவும் ஒரே வாக்கியத்தில், பிழையில்லாமல்.

இன்னொன்றும் செய்தேன். பழைய வரிகளில் பல இடங்களில் நிறத்தைச் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டேன். பார்க்க முடியாத ஒருவரிடம் போய்ச் சிவப்பு, பச்சை என்று அடுக்குவது, கஞ்சி குடிக்கும் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து விருந்தைப் பற்றிப் பேசுவது போல. எங்கள் கான்வென்டில் ஒரு பெண்ணுக்குக் கால் ஊனம். அவள் எதிரில் ஓட்டப்பந்தயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அவள் படித்து முடித்துப் போகும்வரை நாங்கள் பேசவில்லை. நாகரிகம் என்றால் அது.

சளியை வைத்துக்கொண்டு ஏசியில் தூங்க வேண்டாம் என்று என் மகனிடம் சொல்.

அன்புடன்,
அத்தை


ஜனவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். என்னால் இப்படி எழுத முடியாது. ஒரு சட்டையின் பொத்தான்களைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு எங்கள் தையல்காரரே எழுந்துபோய் அந்தச் சட்டையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

நிறம் மட்டும் கொஞ்சம் யோசனையாக இருந்தது. இருந்தால் நல்லதோ என்று உங்கள் மகனிடம் கேட்டேன். "அம்மா ஒண்ணு செஞ்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நீ போய்த் திருத்திக்கிட்டு நிக்காத. அப்புறம் எனக்குத்தான் லெட்டர் வரும்" என்றார். அதனால் அப்படியே விட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரியாததா.

ஞாயிறு அன்று போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. நலம்தானே? காலுறை மாற்றி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மருமகள்


மே 3

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

கடைக்கு ஒரு பெண்மணி போன் செய்தார். பிசியோதெரபிஸ்ட், கண் தெரியாதவர். உங்கள் வரிகள் வந்த பிறகுதான் நம் வாடிக்கையாளர் ஆனார். 'இப்பதான் ஒரு கடை எனக்குப் புரியற மாதிரி பேசுது' என்று பிப்ரவரியில் பாராட்டியவரும் அவர்தான்.

சென்ற மாதம் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். இறுதிச் சடங்குக்கு, நம்மிடம் வாங்கி உடுத்தாமல் வைத்திருந்த ஒரு கவுனைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். 'முழுக்கை, ஒடுங்கிய கழுத்து, கணுக்கால்வரை நீளம், அமைதியான தோற்றம், எந்த நிகழ்ச்சிக்கும் ஏற்றது' என்று எழுதியிருந்தோம். படத்தை எடுத்துப் பார்த்தேன். பளீரென்ற எலுமிச்சை மஞ்சள்.

முன்வரிசையில் நின்றிருக்கிறார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அதையே உடுத்தி வேலைக்குப் போனபோது, முட்டிவலிக்கு வந்த ஒருவர் "என்ன டாக்டர், இன்னைக்கு மஞ்சள்ல ஜொலிக்கிறீங்க" என்றாராம். அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் கத்தவில்லை அத்தை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "பொத்தான் என்ன வடிவம்னுகூட எழுதியிருக்கீங்க. இதை ஏன் எழுதல?" என்று மட்டும் கேட்டார். விட்டுப்போச்சு, என் தப்பு என்றேன். "எனக்குத் தெரியும்ங்கிறது எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. அண்ணியே புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க, இதை வேற அவங்க தலையில ஏத்த வேணாம். வாங்கினதையெல்லாம் கட்டில்ல போட்டு வெச்சிருக்கேன். எழுதினவங்க யாரோ, அவங்களையே போன்ல வரச் சொல்லுங்க. ஒவ்வொண்ணும் என்ன நிறம்னு சொல்லட்டும். அது போதும்" என்றார்.

அவருடைய நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
மருமகள்


மே 8

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். முதலில் ஒன்று. 'என் தப்பு' என்று நீ ஏன் அவரிடம் சொன்னாய்? எழுதியது நான். எனக்காக நீ பழி சுமக்க வேண்டிய நிலையில் நான் இன்னும் இல்லை.

துக்க வீட்டில் அவருக்கு நேர்ந்ததை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நோக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவர் மனம் புண்படக் கூடாது என்றுதான் எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவராவது வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் குற்றம் என் வாக்கியத்தின் மேல் வந்து விழுகிறது.

போனில் பேசச் சொல்கிறாய். இது போனில் பேசுகிற விஷயம் இல்லை. இந்தக் காலத்தில் எல்லோரும் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுத்தான் போனில் பேசுகிறார்கள். மன்னிப்பைக் கைப்பட எழுதிக் கேட்பதுதான் மரியாதை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேற்றே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். முகவரி ஆர்டர் பக்கத்தில் இருந்தது. உன் மாமனார் வாங்கிவைத்த நல்ல தாளில், அடித்தல் திருத்தல் வராமல் எழுதியிருக்கிறேன். அவர் வாங்கிய ஒவ்வொன்றின் நிறமும் அதில் இருக்கிறது. உறையின் மேல் 'அந்தரங்கம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

இத்துடன் இது முடிந்தது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை


மே 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அத்தை, அவருக்குக் கண் தெரியாது. மெயிலில் எழுதியிருந்தால் கம்ப்யூட்டர் அவருக்குப் படித்துக்காட்டியிருக்கும். நீங்கள் மையில் எழுதினீர்கள். அந்த வீட்டில் தபாலைப் பிரித்துப் படிப்பது அவருடைய அண்ணி. உறையின் மேல் அந்தரங்கம் என்று இருந்ததும், ஏதோ முக்கியமானது என்று உடனே உட்காரவைத்துப் படித்திருக்கிறார். 'தங்கள் தமையனாரின் இறுதிச் சடங்கின்போது தாங்கள் மஞ்சள் நிற உடையில் இருக்க நேர்ந்தமைக்கு' என்கிற இடம்வரை படித்துவிட்டு நிறுத்திவிட்டாராம். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டாராம். நிறங்கள் இருந்த பக்கத்தை அண்ணி படிக்கவே இல்லை.

இதையெல்லாம் அவரே போன் செய்து என்னிடம் சொன்னார்.

நீங்கள் ஏன் போன் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குக் காது கேட்பதில்லை. மாமா இருந்தவரை போனை அவர் எடுத்து, உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. உங்கள் மகன், "அம்மா மானஸ்தி, தாங்க மாட்டாங்க. யாரும் அவங்க முன்னாடி அதைப் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நீங்கள் இங்கே வரும்போதெல்லாம் எல்லோரும் உங்களுக்கு நேரெதிரே உட்கார்ந்து வாயை அகலத் திறந்து பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்வதே, நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான். விசாரித்த மாதிரியும் இருக்கும், உங்களைச் சங்கடப்படுத்தாத மாதிரியும் இருக்கும்.

நாங்களும் அதை மரியாதை என்றுதான் நினைத்தோம்.

கோபத்தில் எழுதுகிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

மருமகள்


ஜூன் 27

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுத எனக்கு முகம் இல்லை. கடிதத்தை மேசையில் குப்புறப் போட்டுவைத்திருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. எனக்கு நானே மறைத்துவைத்தேன்.

காது டாக்டரிடம் போனேன். அவர் ஏதோ கேட்டார். தலையாட்டினேன். மறுபடி கேட்டார். மறுபடி தலையாட்டினேன். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'எத்தனை வருஷமா இப்படிச் சமாளிக்கிறீங்க?' இப்போது இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. தட்டு வைக்கிற சத்தம் இடி மாதிரி விழுகிறது. மனிதர்கள் பேசுவது அந்த அளவுக்குத் தெளியவில்லை.

போன வாரம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். நான் வரலாமா என்று நீ அவரிடம் கேட்டதாகவும் அவர் சரி என்றதாகவும் என் மகன் எழுதினான். கதவைத் திறந்தது அண்ணி. என்னைவிட ஒரு பிடி உயரம், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "லெட்டர் எழுதினவங்களா?" என்றார். ஆமாம் என்றேன். உள்ளே கையைக் காட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

சின்ன அறை. கட்டில் நிறைய உடைகள், எல்லாம் நான் வாக்கியம் எழுதியவை. அவர் நாற்காலியைத் தடவிக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு, "உங்களுக்கு எந்தக் காது கொஞ்சம் நல்லா கேக்கும்?" என்று கேட்டார்.

என் காதைப் பற்றி நீ சொல்லியிருப்பாய். ஆனால் இத்தனை காலத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வலது என்றேன். எழுந்துவந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பூமி பிளக்கவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தார். முதலாவதை நீலம் என்றேன்.

"எந்த நீலம்? பத்தொன்பது வயசு வரைக்கும் எனக்குப் பார்வை இருந்துச்சு. நீலத்துல எத்தனை இருக்குன்னு தெரியும்."

மை நீலம் என்றேன்.

"எந்த மை? ராயல் ப்ளூவா, ப்ளூ பிளாக்கா?"

"ப்ளூ பிளாக்."

"இது வார்த்தை" என்று சொல்லி, அதைத் தனியாக மடித்துவைத்தார்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை உனக்கு எழுதக் கூசுகிறது. அவரிடம் நிறமே இல்லை, இல்லாததைச் சொல்லி நோகடிக்கக் கூடாது என்று நினைத்தேன். அவரிடம் என்னைவிட அதிகம் இருந்தது. நான் போய் அதைத் துடைத்துவிட்டு வந்து, நாகரிகம் என்று உனக்குக் கடிதமும் எழுதினேன்.

ஒரு பாவாடையைக் கையில் வாங்கி, செங்கல் பொடி கொட்டின மாதிரி ஒரு நிறம், அழகாக இல்லை என்றேன். "கடைக்காரி மாமியாரே இப்படிச் சொன்னா கடை விளங்கிடும்" என்றார். சிரித்தாரா என்று பார்த்தேன். கொஞ்சம் சிரித்தார்.

பிறகு அந்த கவுனை எடுத்தார்.

"எவ்வளவு தூரத்துல இருந்து கண்ணுல படும்?"

பொய் சொல்ல வாய்வரை வந்தது. இதுவரை சொன்ன பொய் போதும் என்று தோன்றியது. "தெருமுனையிலிருந்தே தெரியும்" என்றேன்.

துணியைக் கையில் சுருட்டிக்கொண்டார். "அன்னைக்கு அண்ணி என் முன்னாடியே நின்னுக்கிட்டு இருந்தாங்க. கையை விடவே இல்ல. துக்கம் தாங்காம என்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு நினைச்சேன். என்னை மறைச்சுக்கிட்டு நின்னிருக்காங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது எனக்கே கேட்டது.

நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். எழுதிப் பழகிய வாக்கியம் எதுவும் வரவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். "உக்காருங்க. மன்னிச்சேன்னு சொன்னா நீங்க கிளம்பிடுவீங்க. இன்னும் ரெண்டு உடுப்பு பாக்கி இருக்கு" என்றார். உட்கார்ந்தேன். ஒன்று சாம்பல், மழைக்கு முன்னால் வானம் இருக்கும் சாம்பல். மற்றது வெள்ளை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது அண்ணி உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல், கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல் கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

நிறங்களைத் திரும்பப் போட ஆரம்பித்துவிட்டேன். 'எந்த நிகழ்ச்சிக்கும் ஏற்றது' என்பதை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன். எதற்கு ஏற்றது என்பதை உடுத்துகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும். என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நீ நினைத்தால் தயங்காமல் எழுது. சுற்றி வளைக்காதே.

இன்னும் ஒன்று. உன் வலைத்தளத்தின் முதல் பக்கத்தில் நீ நின்று பேசுகிற படம் ஓடுகிறதே, அது நன்றாக இருக்கிறது, தெளிவாகப் பேசியிருக்கிறாய் என்று போன வருடம் உனக்கு எழுதினேன். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. இப்போது கருவி வைத்துக்கொண்டும் பார்த்தேன். பின்னால் ஓடும் இசையில் உன் குரல் கரைந்துபோகிறது. நீ கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறாய். என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். நீ பேசுவதை அடியில் எழுத்தில் போடச் சொல். எனக்காக இல்லை, என்னைப் போன்றவர்களுக்காக என்று எழுத வந்தேன். வேண்டாம்.

எனக்காகத்தான்.

உன் அத்தை