ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் ஒரு குழந்தைகூட வரவில்லை. ஆயா பொம்மைகளை வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து தன் வீட்டுச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் மூடினார். "இருக்கட்டும், உரிங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

நகராட்சி இடம் கொடுத்தது, ஆயாவுக்குச் சம்பளமும் கொடுக்கிறது. சமையலும் சுத்தமும் குடியிருப்பின் மகளிர் குழு பொறுப்பு. வறுமையை விரட்ட இரண்டு தரப்பும் கைகோத்து நடத்தும் முதல் குழந்தைகள் காப்பகம் என்று திறப்பு விழாவில் கவுன்சிலர் தொண்டை கிழியப் பேசினார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் இடி வாங்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்குத்தான் அமைப்பாளர் என்று என்னை ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். நகராட்சிப் பொறியாளர் ஆள் வைத்துச் சுவரில் வரைந்த முயல் கழுதை மாதிரி இருக்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்வார்.

ஏன் வரவில்லை? குடியிருப்பில் கைக்குழந்தை இல்லாத வீடே குறைவு. நாளை வீடு வீடாகப் போய்க் கேட்டே தீர வேண்டும்.

பிப்ரவரி 4

போனேன். நான்காவது வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே குழந்தை அழும் சத்தம். ஜன்னலில் ஒரு சிறுமியின் முகம். ஏழு வயது இருக்கும். இடுப்பில் தம்பிப் பாப்பா, மூக்கு ஒழுகிக்கொண்டு.

"அம்மா எங்கம்மா?"

"வேலைக்கு."

"நீ ஸ்கூல் போகலையா?"

"அம்மா வந்ததும் போவேன். லேட்டா போனா வெளிய நிக்க வைக்கிறாங்க."

அம்மாக்காரி வந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அலுவலகங்கள் திறப்பதற்கு முன்னால் அவற்றைக் கூட்டித் துடைக்கிற வேலை. விடியும் முன்பே கிளம்பிவிடுகிறாள். சின்னதைப் பெரியதிடம் விட்டுப் பூட்டிக்கொண்டு போகிறாள். இப்படியே போனால் பெரியவளின் பேரை அடித்துவிடுவோம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டாராம்.

"இங்க எல்லா வீட்லயும் இதே கதைதான்க்கா. பாதிப் பேர் மார்க்கெட்ல காய் பிரிக்கப் போறாங்க, மீதிப் பேர் என்னை மாதிரி. நாங்க வீடு திரும்புற நேரத்துக்கு நீங்க கடைய திறக்கிறீங்க."

அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பக நேரம் ஒன்பதிலிருந்து ஐந்து. நகராட்சி நேரம். எத்தனை கூட்டம் போட்டோம்! ஒருத்தருக்காவது தோன்றியதா?

திரும்பும் வழியில் மகளிர் குழுத் தலைவியைப் பிடித்தேன். இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். அவள் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. "ஏன்க்கா, நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றேன்.

"நீங்க எங்க கேட்டீங்க? சுவத்துக்கு என்ன கலர், விழாவுக்கு யாரைக் கூப்பிடலாம்னு கேட்டீங்க. சொன்னோம்."

பிப்ரவரி 6

பொறியாளரிடம் நேரத்தை மாற்றச் சொன்னேன். என்னவோ நான் அவர் வீட்டு அலமாரியைத் திறக்கச் சொன்ன மாதிரி பார்த்தார். "நகராட்சிக் கட்டடம்மா. சாவி ஊழியர் கையிலதான் இருக்கணும். எந்த ஊழியர் விடிகாலை அஞ்சு மணிக்கு வந்து திறப்பார்? நீங்களே சொல்லுங்க." நகராட்சி ஆணையர் மனது வைத்தால்தான் உண்டாம். பதினேழாம் தேதி அந்த அம்மா பார்வையிட வருகிறார். மனு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு விதத்தில் நல்லதுதான். வெறும் அறையைக் கண்ணால் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.

மைக் அக்காவிடம் தேதியைச் சொன்னேன். "காலியா இருந்தா மூடிடுவாங்களோன்னு ஒரு பயமும் இருக்கு" என்றும் சொன்னேன். மனசில் இருந்ததுதானே.

பிப்ரவரி 12

கண்ணாடி முன் நின்று ஆணையரிடம் பேசிப் பார்த்தேன். "ஓட்டு கேக்கப் போறியா?" என்கிறார் என் வீட்டுக்காரர். பஸ் ஓட்டிக் களைத்து வந்தாலும் கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பிப்ரவரி 17

இன்று ஆணையர் வந்தார்.

ஆணையரோடு காப்பகத்துக்குள் நுழைந்தால் — நிற்க இடமில்லை. குழந்தைகள்! தலைவாரிப் பவுடர் போட்டுப் பளபளவென்று. இதுவரை யாரும் தொடாத பொம்மைகளெல்லாம் தரையில் உருள்கின்றன. அம்மாக்கள் நல்ல சேலை கட்டிச் சுவரோரமாக நிற்கிறார்கள். மைக் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள்.

ஆணையருக்கு ஒரே பூரிப்பு. அந்தச் சிறுமியின் கன்னத்தைத் தட்டி, "நீ ஸ்கூல் போகலையா?" என்றார். அம்மாக்காரி முந்திக்கொண்டு, "இன்னிக்கு லீவு மேடம்" என்றாள்.

போகும்போது என்னிடம் சொன்னார்: "நேரத்தை மாத்தணும்னு மனு குடுத்திருந்தீங்களே? எதுக்கு? அருமையா நடக்குது. இதே நேரம், இதே ஏற்பாடு, இன்னும் மூணு குடியிருப்புல திறந்துடலாம்."

மூன்று! பொறியாளர் கழுதை-முயலைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே காருக்குப் போனார்.

மைக் அக்காவிடம் கத்தினேன். தெருவில் நின்று, எல்லோரும் பார்க்க. அவளும் கத்தினாள். அவளுக்குச் சொல்லவா வேண்டும்?

"ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்து நின்னோம் தங்கச்சி! ரூமும் போயிடக்கூடாது, உன் மானமும் போயிடக்கூடாதுன்னு! அது தப்பா?"

தப்பில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

பிப்ரவரி 18

காப்பகம் காலி.

பிப்ரவரி 21

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன்.

உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்கள் எல்லோரும் பொய்க்காரிகள் ஆவார்கள். ஆணையர் கோபத்தில் ஒரேயடியாக இழுத்து மூடலாம். மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவேண்டியது அதே அம்மா. சொல்லாவிட்டால்? இன்னும் மூன்று இடத்தில் பொம்மைகளுக்குக் காவலாக மூன்று ஆயாக்கள். பூட்டிய வீட்டுக்குள் அந்தச் சிறுமி. பேரை அடித்துவிட்டால் அவளை மறுபடி யார் பள்ளிக்கூடம் அனுப்பப் போகிறார்கள்? நாலைந்து வருடம் போனால் அவளும் அம்மாவோடு துடைப்பம் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

பயமாகத்தான் இருக்கிறது. ஏன் இல்லை என்று எழுதவேண்டும்? இதை யார் படிக்கப் போகிறார்கள்?

"போய்ச் சொல்லிட்டு வந்துடு" என்கிறார் வீட்டுக்காரர். "நீ இப்படிச் சுத்திச் சுத்தி நடந்தா தரை தேஞ்சிடும். வாடகை வீடு."

பிப்ரவரி 23

இஸ்திரிக் கடைக்குப் போனேன். சண்டைக்குப் பிறகு முதல் தடவை. அவள் துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

"உண்மையச் சொல்லப் போறேன்க்கா. உங்க எல்லார் பேரும் கெடும்."

ஒரு சட்டையை முழுதாக மடித்து முடித்தாள். "எங்க பேர என்ன கல்வெட்டுலயா வெட்டி வச்சிருக்கு? சொல்லு. ஆனா நீ தனியா போகக்கூடாது. வேலை முடிஞ்சதும் நாங்களும் வர்றோம்."

பிப்ரவரி 26

சொல்லிவிட்டோம்.

வேலை முடிந்த கையோடு வந்தார்கள். ஈரம் காயாத சேலை, நகத்தில் காய்கறி மண். ஆணையர் அறையில் நாற்காலி இருந்தும் யாரும் உட்காரவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. நேரத்தைப் பற்றிச் சொன்னேன், அன்றைக்கு அறை எப்படி நிறைந்தது என்று சொன்னேன். அந்த அம்மா முகம் இறுகிக்கொண்டே போனது.

"அப்போ அன்னிக்கு எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தினீங்க."

அந்தச் சிறுமியின் அம்மாதான் பேசினாள். "ஏமாத்தல மேடம். நீங்க வர்றீங்கன்னு வேலைக்குப் போகாம வந்தோம். தினம் அப்படி வர முடியாது. பெரியவ ஸ்கூலுக்கு அன்னிக்கு லீவே இல்ல. அதைத்தான் பொய் சொன்னேன்."

ஆணையர் பேனாவை மூடினார். "சரி, போங்க" என்றார். அவ்வளவுதான். சரி என்றால் என்ன சரி?

மார்ச் 2

ஒன்றும் வரவில்லை. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன். பொறியாளர் என்னைக் கண்டால் மாடிப்படி மாறுகிறார்.

மார்ச் 5

இரண்டு உத்தரவு. காப்பகம் இனி விடிகாலை நாலரை மணி முதல் நண்பகல் வரை. சாவி மகளிர் குழுவிடம். புதிதாக வரப்போகும் மூன்றுக்கும் அங்குள்ள பெண்களைக் கேட்டே நேரம் வைக்கவேண்டும். படித்துக்கொண்டே வராந்தாவில் சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

இரண்டாவது எனக்கு. இனி அமைப்பாளர் வேலை கிடையாது. ஒப்பந்தம் நீளுமாம், ஆனால் தண்ணீர் வரி கவுன்டரில். "உள்ளூர் ஆட்கள்கிட்ட இவ்வளவு நெருக்கம் கூடாதுன்னு மேடம் நினைக்கிறாங்க. நல்லதுக்குன்னு எடுத்துக்கோங்க" என்றார் பொறியாளர்.

எடுத்துக்கொள்கிறேன். வேறு வழி? ஆனால் வலிக்கிறது. வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டுக்காரர் இன்று கிண்டல் செய்யவில்லை, டீ போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 9

வரி கவுன்டர். ஜன்னல் இல்லை. சில்லறை இல்லை என்பதையே நாள் முழுக்கச் சொன்னேன்.

மார்ச் 19

எனக்கு அங்கே இனி வேலை இல்லை. தெரியும். கவுன்டர் திறக்கப் பத்து மணி ஆகும், அதுவரை வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. சும்மா அந்தப் பக்கம் நடந்தேன்.

காப்பகத்துக்குள் ஒரே இரைச்சல். வெளியே சின்னச் சின்னச் செருப்புகள். தம்பிப் பாப்பா ஆயாவின் இடுப்பில் இருந்தான், மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. நான் உள்ளே போகவில்லை.

சந்து முனையில் அந்தச் சிறுமி எதிரே வந்தாள். ஈரத் தலை, தோளில் பை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன், கேட்க என்னென்னவோ இருந்தது.

"விடுங்க அத்தை, பெல் அடிச்சிடும்" என்று கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள்.