ஒன்றாம் நம்பர் பொத்தான்

நவ. 11, செவ்வாய்
விடிந்ததிலிருந்து தூறல். ஐயப்பன்தாங்கலிலிருந்து ஆவடி வரை நனைந்துகொண்டே வண்டி. ரெயின்கோட் கக்கத்தில் கிழிசல். மூன்று வீடு.

எல்லாம் எங்கள் கம்பெனி டி.ஆர்.பி. பெட்டி வைத்த வீடுகள். யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு பொத்தான். டிவி முன்னால் உட்கார்ந்தால் அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும். எந்த வீடு என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. அதனால் மூன்றாவது வீட்டு அம்மாவின் பெயர் இந்த டைரியிலும் ப. அம்மா என்றே இருக்கட்டும்.

அங்கே இரண்டே பேர். ஒன்றாம் பொத்தான் அய்யா, ராணுவத் தொழிற்சாலையில் ரிட்டயர்டு. இரண்டு, அம்மா. தினம் ஏழு மணிக்கு அரசு சேனல் செய்தி, ஒன்று மட்டும் அமுங்கியிருக்கும். இன்று போனால் ஹாலில் அய்யா படம், மாலை. போய் நாற்பது நாளாம். பெட்டியில் நேற்றுவரை ஒன்று அமுங்கியிருக்கிறது. கேட்க வாய் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோழை.

நவ. 12, புதன்
மழை இல்லை. பிரேக் கட்டை மாற்றினேன். பி.பி. மாத்திரை மறந்தேன்.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். "செத்தவரு நியூஸ் பாத்துகினு கீறாருன்னு ரிப்போர்ட் போவுது. நாளிக்கே அந்த நம்பர எடுத்துடு மாமே." என் ஏரியாவில் அரசு சேனல் பார்ப்பதே நாலைந்து பேர். அதில் ஒருவர் உயிரோடு இல்லை. சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம்.

நவ. 13, வியாழன்
ப. அம்மா வீடு. கேட்டேவிட்டேன். அம்மாவிடம் பதற்றமே இல்லை. செய்தி அவருடையது, அவர் பொத்தானைத்தானே அமுக்க வேண்டும் என்றார். அரசு சேனலைத் தவிர மற்றதெல்லாம் கூச்சல் என்பாராம் அய்யா. ரிமோட்டை யாரிடமும் தரமாட்டாராம். அம்மாவுக்குப் பிடித்தது டான்ஸ் போட்டி. பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பார்ப்பாராம், இத்தனை வருஷமும்.

இப்போது வைத்துப் பார்க்கலாமே என்றேன். எனக்கு அறிவே கிடையாது.

"எப்டிப்பா வெக்கறது? அவரு போனது எனக்கு சௌகரியமாப் பூடுச்சுன்னு ஆயிடாதா?"

ஒன்றாம் நம்பரை நீக்கினேன். பக்கத்தில் நின்று பார்த்தார்.

நவ. 15, சனி
நல்ல வெயில். துணி காய்ந்தது.

ப. அம்மா வீட்டுத் தகவல். வியாழன் ஏழு மணி: டிவி போடவில்லை. வெள்ளி: போடவில்லை. இரண்டு நாளும் முழுக்க இல்லை. பெட்டி கெட்டுப்போயிருக்கும், திங்கட்கிழமை போய்ப் பார் என்கிறார் சூப்பர்வைசர். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்.