முட்டை போடாத ஓட்ஸ் பிஸ்கட்

டிசம்பர் 4, வியாழன்

மழை. மாடி டேங்க் தானாகவே நிரம்பி வழியுது.

கோகிலவாணி எங்க வீட்லயும் எதிர் வீட்டு வைத்தீஸ்வரன் சார் வீட்லயும் பாத்திரம் தேய்க்குற பொண்ணு. இன்னிக்கு வந்து, "அண்ணா, கிறிஸ்மஸ் கேக்குல இந்தத் தடவை முந்திரி கூடப் போடச் சொல்லுங்க அக்காவ. போன வருஷம் கம்மி"ன்னா. அவளுக்கு நாங்க குடுக்கறது புடவையும் அதிரசமும். கேக்கு ருசி எப்படித் தெரியும்னு கேட்டேன். சார் சம்சாரம் பாலாம்பாள் மாமி நாங்க குடுக்கற கேக்க வருஷா வருஷம் அப்படியே எடுத்து அவ கையில குடுத்துடுவாங்களாம்.

பத்தொம்பது வருஷம்! வைத்தீஸ்வரன் சார் நவம்பர்லேருந்தே என் கேக்குக்கு ஏங்கிக் கெடப்பாருன்னு ராஜகீழ்ப்பாக்கம் பூரா சொல்லி வெச்சிருக்கேன்.

என் வீட்டுக்காரி பியூலா அரிசி பொறுக்கிக்கிட்டே தலை நிமிராம சொல்றா: "முட்டை போட்ட கேக்க அவங்க எப்படிங்க சாப்பிடுவாங்க? உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

தெரியாம என்ன. ஆனா கேக்குக்குள்ள முட்டை முட்டையாவா இருக்கு?

டிசம்பர் 5, வெள்ளி

கோவம் இன்னும் போகல. யார் மேலன்னுதான் புரியல.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு வர்றேன், சார் அவர் வீட்டு வாசல் கேட்டுகிட்ட ஓட்ஸ் கஞ்சி டம்ளரோட நிக்கிறார். கொழுப்புக்கு டாக்டர் குடுத்த தண்டனையாம். மனுஷன் மூஞ்சியப் பாக்க சகிக்கல. எனக்கு அங்கயே மூளை வேலை செஞ்சுது. சார், இதே ஓட்ஸ மொறுமொறுன்னு மசாலா வாசனையோட பிஸ்கட்டா பண்ணித் தரேன், கிறிஸ்மஸுக்கு சந்து பூரா அதான், முட்டை ஒரு சொட்டு கெடையாதுன்னு சொல்லிட்டேன்.

சார் என்னை ஒரு நிமிஷம் பாத்தார். "முட்டை இல்லேன்னா சிரோமணி, முதல் பிஸ்கட் எனக்கு."

இத்தன வருஷத்துல அந்த வீட்லேருந்து வாயத் தொறந்து ஒண்ணு கேட்டது இதான் மொத தடவை. வேதசிரோமணி இனிமே தூங்க மாட்டான்.

எனக்கு இதெல்லாம் கைவந்த கலைன்னும் சொல்லி வெச்சேன். பொய் இல்ல. பெரிய ஹோட்டல்ல பதினோரு வருஷம் இருந்தவன் நான். லாண்டரி வேன் ஓட்டினேன், சரி. ஆனா லாண்டரி கதவும் கேக்கு சுடற பேக்கரி கதவும் பக்கத்துப் பக்கத்துல. அந்த வாசனையிலயே எட்டாங் கிளாஸ் படிச்சவன் டிகிரி முடிச்ச மாதிரி.

டிசம்பர் 10, புதன்

மொத ஈடு. கூடுவாஞ்சேரிலேருந்து மக கெசியா போன்ல செய்முறையப் படிச்சுக் காட்டினா. ஓட்ஸ வறுத்து பாதிய அரைச்சு, மைதா, வெண்ணெய், சர்க்கரை, சுக்கு, பட்டை, கிராம்பு. நாலு மிளகு மட்டும் என் சொந்த யோசனை. கொழுப்புக்கார மனுஷனுக்கு இவ்ளோ வெண்ணெய்யான்னு பியூலா கேட்டா. அத ஓட்ஸ் பாத்துக்கும்னேன்.

முட்டை இல்லாததால தட்டுலேருந்து எடுக்கறப்பவே பொலபொலன்னு போச்சு. பியூலா பால் ஊத்தி ஸ்பூன்ல சாப்பிட்டா. நல்லாதான் இருக்குன்னா. அந்த மாதிரி நல்லா எனக்கு வேணாம்.

டிசம்பர் 12, வெள்ளி

ரெண்டு ஸ்பூன் பால் தெளிச்சுப் பெசஞ்சேன், நின்னுச்சு. ராத்திரி டப்பாவுல போட்டேன். காலைல பாத்தா ஈர அப்பளம். இந்த ஈரக் காத்துல மனுஷனே நமத்துப் போறான்.

டிசம்பர் 15, திங்கள்

கண்டுபிடிச்சிட்டேன்! மெல்லிசா தட்டணும், சூட்டக் கம்மி பண்ணி நிதானமா விடணும், ஓவன அணைச்சப்புறம் உள்ளயே ஆறணும். சூட்டோட டப்பாவுல போட்டா தொலைஞ்சுது. இன்னிக்கு நான் கடிச்ச சத்தம் கேம்ப் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த ரூம்லயே கேக்கலன்னு பியூலா சொல்றா. அவளுக்குக் காது சரியில்ல.

டிசம்பர் 20, சனி

எங்க ஓவன்ல ஒரு தடவைக்கு ஒம்போது. சந்துல பதினோரு வீடு, முட்டை தொடாத வீடு சார் வீடு ஒண்ணுதான். எல்லாருக்கும் சேத்து இருநூறு பிஸ்கட் வேணும். கிறிஸ்மஸ் வாரத்துல கேக்கு மாவ எல்லாரும் பேக்கரிக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி, நானும் தட்டுல அடுக்கித் தூக்கிட்டுப் போனேன்.

பேக்கரி மாஸ்டர் ஆரோன். முப்பது வயசு, தங்கமான புள்ள. அவன்கிட்ட ஹோட்டல் கதை மொத்தமும் சொன்னேன். இது சாதாரண பிஸ்கட் இல்லப்பா, பாத்தா பளபளன்னு இருக்கணும், மினிஸ்டர் வீட்டுக்குப் போற சரக்கு மாதிரின்னேன். "என்கிட்ட வுடுங்க அங்கிள்"னான். டீக்கடைல உக்காந்திருந்தேன். வந்துது பாரு, பொன்னு மாதிரி! மூஞ்சி பாத்துக்கலாம். இருநூறு. சரி, நூத்தி அறுவது.

டிசம்பர் 21, ஞாயிறு

மொத டப்பா சாருக்கு. நின்ன எடத்துலயே ஒண்ண எடுத்துக் கடிச்சார். சத்தம் கேட்டுது. இன்னொண்ணு எடுத்தார். மாமி பாதி ஒடச்சு வாயில போட்டு, "சுக்கு தூக்கலா இருக்கு. நன்னா இருக்கு அண்ணா"ன்னாங்க.

இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்ல. இதுல ஒரு வரி கூட நான் கூட்டிச் சொல்லல.

டிசம்பர் 23, செவ்வாய்

ஆரோனுக்கு ஒரு பாக்கெட் எடுத்துக்கிட்டு பேக்கரிக்குப் போனேன். "பளபளப்பு எப்படி அங்கிள்? மேல முட்டை தடவி வுட்டேன், நீங்க அவ்ளோ சொன்னீங்களேன்னு"ங்கறான்.

மைதா மூட்டை மேல உக்காந்துட்டேன்.

அவன் மேல தப்பே இல்ல. ஹோட்டல், மினிஸ்டர், பளபளப்பு – எல்லாம் சொன்னேன். முட்டை கூடாதுன்னு ஒரே ஒரு வார்த்தை, அது மட்டும் வாய்ல வரல. என்ன மனுஷன்யா நான்?

சொல்லணுமா? சாப்பிட்டாச்சே. சொன்னா நல்லாருக்குமா? "நீங்க சொல்லாட்டி யாருக்குங்க தெரியப் போவுது"ன்னா பியூலா. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே, "டப்பா இன்னும் அங்கதானே இருக்கு"ன்னா.

டிசம்பர் 24, புதன்

என் கேட்டுலேருந்து அவங்க கேட்டுக்குப் பன்னெண்டு எட்டு. அதுக்குள்ள நாலு கதை ஜோடிச்சேன் – தட்டு மாறிப்போச்சு, எலி, இப்படி. உள்ள போனா சார் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கார், காபிக்குப் பக்கத்துல சாஸர்ல ரெண்டு பிஸ்கட். நாலு கதையும் போச்சு.

"சார், அதுக்கு மேல முட்டை தடவியிருக்கு. பேக்கரில தடவிட்டாங்க. கூடாதுன்னு நான்தான் சொல்லல. மறந்துட்டேன்."

சார் கையில இருந்தத சாஸர்ல வெச்சார். மாமி உள்ள போனாங்க. குழாய் தொறக்கற சத்தம், ரொம்ப நேரம். அப்புறம் டப்பாவ எடுத்து வந்து என் கையில வெச்சாங்க. "சரி சிரோமணி"ன்னு மட்டும் சொன்னார் சார்.

டிசம்பர் 25, வியாழன்

வருஷா வருஷம் ஒம்போது மணிக்கு சார் வந்து கைகுலுக்குவார். இன்னிக்கு வரல. பிரியாணி பிரமாதம்னு மாப்பிள்ளை ஷெர்வின் சொன்னார். நான் ஒண்ணும் சொல்லாததப் பாத்துட்டு, ஒடம்பு சரியில்லையா மாமான்னு கேட்டார்.

டிசம்பர் 26, வெள்ளி

எதிர் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கு. மழை கூட இல்ல.

டிசம்பர் 28, ஞாயிறு

மாமி அவங்க வாசல் கேட்டுகிட்ட நின்னு கூப்பிட்டாங்க. திட்டப் போறாங்கன்னு செருப்புகூடப் போடாம ஓடினேன்.

"எங்க பொண்ணு சின்மயி பெங்களூர்லேர்ந்து வாங்கி அனுப்பின ஓவன் ரெண்டு வருஷமா பரண்ல பெட்டியோட தூங்கறது. எனக்கு அதைப் போடத் தெரியாது. வந்து சொல்லிக் குடுங்கோ. எங்காத்துப் பாத்திரத்துல, என் கண்ணு முன்னாடி பண்ணணும். இவருக்கு நாலு நாளா அந்த பிஸ்கட் நெனப்புதான்."

அப்புறம் மாமியே சொன்னாங்க: "பத்தொம்பது வருஷமா அந்தக் கேக் வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு வாய் வரலை, அண்ணா. நீங்க வந்து சொல்லிட்டேளே."

பரண்லேருந்து பெட்டிய நானே எறக்கினேன். இடுப்பு புடிச்சுக்கிச்சு. பரவால்ல.

ஜனவரி 1, வியாழன்

மாமி அடுக்களைல இன்னிக்கு மூணாவது ஈடு. நான் தட்டறேன், மாமி எடுக்கறாங்க, ரெண்டு பேரும் சுக்குக்கு சண்டை போடறோம்.

மாமியோட நாத்தனார் கீழ்க்கட்டளைலேருந்து புது வருஷத்துக்குப் பழம் வாங்கிட்டு வந்தாங்க. மாமி ஒரு டஜன் பிஸ்கட்ட கவர்ல போட்டு ரிப்பன் கட்டி நீட்டினாங்க. அந்தம்மா ஒண்ணு கடிச்சுட்டு எந்தக் கடைன்னு கேட்டாங்க.

"கடையாவது. நானே பண்ணினேன்"ன்னாங்க மாமி, கண்ண சிமிட்டாம.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஹால்லேருந்து சார் பேப்பருக்கு மேல என்னையே பாக்கறார்.

"ஆமாங்க, மாமி முப்பது வருஷமா சுடறாங்க"ன்னேன். "இதுக்குன்னே பம்பாய்லேருந்து ஆளுங்க வந்து நிப்பாங்க."

சார் பேப்பர மூஞ்சிக்கு நேரா தூக்கிக்கிட்டார். பேப்பர் குலுங்குது. நான் அடுத்த தட்ட ஓவன்ல வெச்சேன்.