பீப்பாயில் எழுதியிருந்த வார்த்தை

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும் இங்கே நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதீர்கள். நான் சொல்லச் சொல்ல மாடி வீட்டு அக்கா எழுதுகிறார். அதனால் உங்களைத் திட்டுவதென்றால்கூட மரியாதையாகத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. என் வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. விரல்கள் அசைகின்றன, ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

போன மாதம் உங்கள் வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினீர்களே, சிவப்புப் பீப்பாய் மேல் சாய்ந்துகொண்டு, கையில் சிகரெட்டோடு. விட்டுவிட்டேன் என்று குட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்த சிகரெட். பீப்பாயில் பெரிய எழுத்தில் இன்ஃப்ளேமபிள் என்று இருந்தது. நான் வேலை பார்க்கும் துணிப்பைப் பட்டறையில் அச்சு மையைத் துடைக்க வைத்திருக்கும் தின்னர் டின்னிலும் அதே வார்த்தைதான். எங்கள் மேஸ்திரியிடம் உங்கள் போட்டோவைக் காட்டி அர்த்தம் கேட்டேன். "ஃப்ளேம்னா தீ. முன்னாடி இன் வந்தா இல்லைன்னு அர்த்தம். இன்கரெக்ட், இன்கம்ப்ளீட் மாதிரி. தீப்பிடிக்காதுன்னு எழுதியிருக்கான்மா" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

போன செவ்வாய்க்கிழமை துணிப்பைகளுக்கு அவசர ஆர்டர். மேசையெல்லாம் பைகள். இடமில்லாமல், மேஸ்திரி சூடான இஸ்திரிப் பெட்டியைத் தரையில் வைத்தார், மூடாத தின்னர் டின்னை ஒட்டி. தான் சொன்ன அர்த்தத்தை அவரும் நம்பியிருக்கிறார், பாவம். குப்பென்று பற்றியது. அவர் சட்டையில் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்திலேயே சுற்றினார். நான் வாசலில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து அவர் மேல் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதில்தான் என் கை வெந்தது.

இன் என்றால் இல்லை என்றுதானே அர்த்தம் என்று தீயணைப்புக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கருகிய டின்னைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்த இன் வேற, இந்த இன் வேறம்மா. சட்டுனு பத்திக்கும்னுதான் இதுக்கு அர்த்தம்" என்றார். சுற்றி நின்றவர்கள் என் கையைப் பார்த்து ஐயோ ஐயோ என்றார்கள். எனக்கு உங்கள் சிகரெட்தான் கண்ணில் நின்றது.

மேஸ்திரி பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். முகமெல்லாம் மருந்து. என்னைக் கண்டதும் "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

சொல்லத்தானே அன்றிலிருந்து போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. ஷிஃப்ட் மாறியிருக்கும், போனை எங்கேயாவது போட்டிருப்பார் என்று அக்கா சொல்கிறார். ஆமாம் என்று நானும் தலையாட்டுகிறேன். குட்டியிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். விடுப்பில் வந்த உங்கள் நண்பர் நாளை அங்கே திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று நாலு தடவை சொல்லிவிட்டேன்.

படித்ததும் கூப்பிடுங்கள். ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டுகிறாளே என்று கோபித்துக்கொண்டாவது கூப்பிடுங்கள். வாய்க்கு வந்தபடி திட்டுங்கள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். உங்கள் குரல் கேட்டால் போதும்.

உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்பிக்கொண்டிருக்கும்,
குட்டியின் அம்மா