நெய்க்காரப்பட்டி பஸ்ஸும் கீரி பாம்புச் சண்டையும்

1958 பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். நாளை நெய்க்காரப்பட்டியில் பெண் பார்க்கிறோம். செய்ய வேண்டியவை: வெள்ளைச் சட்டை இஸ்திரி. சவரம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாள் திருத்த (முடியாது). அம்மா காலை பஸ்ஸில் முன்னே போகிறாள். எனக்குப் பள்ளி அரை நாள், இரண்டு மணி பஸ். பெண் பெயர் சரசு. எஸ்.எஸ்.எல்.சி. போட்டோவில் சிரிக்கவில்லை. இருந்தாலும் பிடித்திருக்கிறது.

15, சனி

பஸ்ஸை விட்டுவிட்டேன். எழுதவே வெட்கம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வித்தை. சும்மா எட்டித்தான் பார்த்தேன். ஒற்றை ஆள், உடுக்கை, இரண்டு கூடை. ஒன்றில் பாம்பு, ஒன்றில் கீரி. "இப்ப சண்டை விடுறேன்" என்றவர் வாயிலிருந்து இரும்புக் குண்டு எடுத்தார். மறுபடி "இப்ப விடுறேன்". காலி டப்பாவிலிருந்து புறா. என்ன குரல், என்ன கை. பக்கத்தில் நின்ற பூக்காரர் வாயை மூடவே இல்லை. நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

பிறகு எங்களைச் சுற்றிக் கோடு கிழித்தார். "சண்டை முடியுமுன்ன கோட்டத் தாண்டுனவன் ரத்தம் கக்குவான். கட்டுன கைய அவுத்து விடு சாமி."

அவிழ்த்துவிட்டேன். நான் அறிவியல் வாத்தியார். பஸ் ஹாரன் காதில் விழுந்தது, கால் நகரவில்லை. பயம்தான், வேறென்ன. கடைசியில் தாயத்து விற்றார். சண்டை இல்லை. தாயத்து வாங்கினேன்.

அம்மா ஏழு மணிக்குத் திரும்பினாள். "ஏலே, அம்புட்டுப் பேரும் வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். பஸ் பஞ்சராயிருக்கும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீயும் அதையே சொல்லு."

16, ஞாயிறு

பேகம்பூர் டீக்கடையில் வித்தைக்காரர். கோபமாகத்தான் போனேன். "ஒங்களால பொண்ணு பாக்கப் போற பஸ்ஸ விட்டேன்" என்றேன். எழுந்து கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்க வாத்தியாரே. நீங்க அசையாம நின்னதப் பாத்தேன். அப்படி நாலு பேரு நின்னாத்தான் மத்தவுகளும் நிப்பாக."

சண்டை ஏன் விடுவதில்லை?

"விட்டா ஏதோ ஒண்ணு செத்துரும். எனக்கு ரெண்டும் வேணுமே."

கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் டீக்கும் நானே கொடுத்தேன்.

20, வியாழன்

பெண் வீட்டுக் கடிதம். ஞாயிறு வரவும். இரண்டே வரி. தலைவலி.

23, ஞாயிறு

நெய்க்காரப்பட்டி. சரசுவின் அப்பா நேராகக் கேட்டார். "அன்னைக்குப் பஸ் என்னாச்சுங்க தம்பி?"

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வாயைத் திறந்தேன், பஞ்சர் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். கோடு, கீரி, ரத்தம், தாயத்து, எல்லாம். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு என்று நினைத்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "சண்டை விட்டாருங்களா?"

"இல்லைங்க."

"எங்கூர்ச் சந்தைக்கும் வருவாருங்க. நானும் ஒருக்கா அடுப்புல சோறு கருகற வரைக்கும் நின்னேன்."

சரசு. இந்தப் பெண்ணே கிடைக்கவேண்டும்.

அவள் அப்பா தொண்டையைக் கனைத்தார். "அந்தப் பஸ் கண்டக்டர் எந்தம்பிதானுங்க. வண்டி நேரத்துக்கே வந்துருச்சு. நீங்களும் பஞ்சர்னு சொல்லியிருந்தீங்கன்னா வெறுங் காப்பியோட அனுப்பியிருப்பேனுங்க." உள்ளே திரும்பி, "சரசு, பலகாரம் கொண்டா சாமி" என்றார்.

அம்மா இன்னும் நிமிரவில்லை.